நடைக்கும் வடைக்கும் நடுவில்

கேட்டவர் தாம்பரத்துக்காரர். வயது 44, உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. கிண்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவு வேலை, போக வர மின்சார ரயில். நான்கு மாதமாக ஒருநாள் விடாமல் விடியற்காலை 5:30-க்குப் பூங்காவுக்குப் போய் 45 நிமிடம் நடக்கிறார். எடை 600 கிராம்தான் இறங்கியிருக்கிறது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1, அதாவது சர்க்கரை நோயின் எல்லைக்கோடு. மாத்திரை எதுவும் கிடையாது. "நடையை ஒன்றரை மணி நேரம் ஆக்கட்டுமா, இல்லை சோற்றை அடியோடு விட்டுவிடட்டுமா?" என்று கேட்டு, கூடவே ஒருநாள் முழுக்க என்ன சாப்பிடுகிறார் என்ற பட்டியலையும் ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறார். அந்த நேர்மைக்காகவே கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். சர்க்கரை நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வதுதான் எனக்குப் பதினேழு வருடமாகத் தொழில்.

சார், இரண்டுமே வேண்டாம். நடை இப்போது இருக்கிறபடி இருக்கட்டும், சோறும் இருக்கட்டும். மாற வேண்டியது நடந்து முடித்த பிறகு வரும் அரை மணி நேரம், இரவு ஒன்பதரை மணித் தோசை, சாப்பிட்ட கையோடு நாற்காலியில் சாயும் பழக்கம். முதலில் இந்த மூன்றும்தான், தட்டின் அளவெல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் அந்த அரை மணி நேரத்தை எடுத்துக்கொள்வோம். "நடந்து முடித்ததும் நண்பர்களோடு ஒரு காபி, இரண்டு மெதுவடை" என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். 78 கிலோ எடையுள்ளவர் பேசிக்கொண்டே 45 நிமிடம் நடந்தால் ஏறத்தாழ 190, 200 கலோரி செலவாகும். அதே முக்கால் மணி நேரம் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அறுபது கலோரி போயிருக்கும். அதைக் கழித்தால் நடையால் கிடைத்தது 130, 140. கடை மெதுவடை ஒன்று, அளவையும் எண்ணெயையும் பொறுத்து, 130 முதல் 150 வரை வரும். இரண்டு வடை, இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட ஒரு காபி என்றால் 360-க்குக் குறையாது. நடந்து சம்பாதித்ததைப்போல் இரண்டரை மடங்கைக் கடை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து நான்கு இட்லியும் சாப்பிடுகிறீர்கள். இந்தக் கணக்கில் 600 கிராம் இறங்கியதே பெரிய விஷயம். எங்கோ நீங்களும் கொஞ்சம் வாயைக் கட்டியிருக்கிறீர்கள்.

சரி, வடையே சாப்பிடவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினம் 140 என்றால் மாதத்துக்கு 4,200. அதாவது அரைக் கிலோ சொச்சம். அதுவும் உடம்பு வேறு எதிலும் ஈடு கட்டிக்கொள்ளாமல் இருந்தால். ஆனால் ஈடு கட்டும். காலையில் நடந்த அலுப்பில் மாலையில் மாடிப்படிக்குப் பதில் லிஃப்ட், கடைக்குப் பொடிநடையாகப் போவதற்குப் பதில் ஸ்கூட்டர். பசியும் ஒரு பிடி கூடும். இதையெல்லாம் விட மோசமானது, "காலையிலதான் நடந்தாச்சே" என்று நாள் முழுக்க மனசு கொடுக்கும் சலுகை. என் வீட்டுக்காரர் இதில் நிபுணர். ஞாயிற்றுக்கிழமை ஒருமணி நேரம் ஷட்டில் ஆடிவிட்டு வந்தால் அன்று மதியம் பிரியாணி அவருடைய பிறப்புரிமை. டயட்டீஷியன் வீட்டு நிலவரமே இதுதான்.

அதனால் நடையை ஒன்றரை மணி நேரம் ஆக்கினால் என்ன நடக்கும் என்பதை என்னால் ஓரளவு சொல்ல முடியும். இரண்டு வாரம் ஓடும். பிறகு ஒருநாள் மழை, ஒருநாள் ஆடிட், ஒருநாள் முட்டி வலி. மொத்தமாக நின்றுவிடும். நான்கு மாதம் விடாமல் நடந்திருக்கிறீர்கள், அது லேசான காரியமில்லை. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

"அப்படியென்றால் நடந்து என்ன பிரயோசனம்?" என்று இப்போது நீங்கள் கேட்பீர்கள். எடை இயந்திரத்தைப் பார்த்து நடையை எடைபோடுவதுதான் தப்பு. சென்னையிலேயே டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு ஓர் ஆய்வு நடத்தி 2006-ல் முடிவை வெளியிட்டது. உங்களைப்போல எல்லைக்கோட்டில் நின்ற 531 பேர், நம்மூர் நடுத்தர வர்க்கத்து ஆட்கள். சுமார் மூன்று வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான ஆலோசனையோடு விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. தினம் அரைமணி நேரம் வேகநடை, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்த சாப்பாடு என்று இருந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று: இரண்டாவது குழுவினருக்குக் குறிப்பிடும்படியாக எடை குறையவே இல்லை. எடை அப்படியே இருக்க, நோய் தள்ளிப்போனது.

இதற்குக் காரணம் இருக்கிறது. ரத்தத்தில் சுற்றும் சர்க்கரையைத் தசைக்குள் அனுப்ப இன்சுலின்தான் கதவைத் திறக்க வேண்டும். எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு அந்தக் கதவு துருப்பிடித்திருக்கும், இன்சுலின் எவ்வளவு தட்டினாலும் அரைகுறையாகத்தான் திறக்கும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, அதாவது நடக்கும்போதும் படியேறும்போதும், இன்சுலினைக் கேட்காமலே இன்னொரு வழியாகச் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நின்ற பிறகும் பல மணி நேரம் கதவு இளக்கமாகவே இருக்கும். அந்த வேலையை உங்கள் நடை தினமும் செய்துகொண்டிருக்கிறது. எடை குறைப்பது பெரும்பாலும் தட்டின் வேலை. நடையை அதற்குச் சம்பளம் இல்லாத வேலைக்காரனாக வைத்துக்கொண்டு, வேலை நடக்கவில்லை என்று திட்டுகிறோம்.

அதற்காக நடையில் திருத்தமே வேண்டாம் என்று இல்லை. உங்கள் கூட்டாளிகளோடு கட்சி அரசியலிலிருந்து வீட்டு வரி வரைக்கும் பேசிக்கொண்டு நடப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பேசுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் இருக்கிறதா என்று பாருங்கள். 45 நிமிடத்தில் நடுவில் ஒரு இருபது நிமிடமாவது அப்படி நடந்தால் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சி. நேரக் கணக்கில் நீங்கள் அதைத் தொட்டாயிற்று, வேகக் கணக்கில்தான் சந்தேகம்.

தினம் பத்தாயிரம் காலடி என்ற இலக்கையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். அது மருத்துவர்கள் கண்டுபிடித்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த மறுவருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவி விற்றது. அதற்கு வைத்த பெயருக்கே 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்றுதான் அர்த்தம். விளம்பரத்துக்குப் பிடித்த எண் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகளில் ஏழாயிரம் ஏழாயிரத்தைந்நூறு அடியிலேயே நன்மையில் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது. இரவு படுக்கும் நேரத்தில் ஹாலில் வட்டமடித்து எண்ணிக்கையை முடிப்பதாக எழுதியிருந்தீர்களே, அந்த நேரத்தில் தூங்குங்கள். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி தறிகெட்டு ஓடும்.

இப்போது உட்காரும் விஷயம். ஒருநாளில் 45 நிமிடம் நடக்கிறீர்கள், மீதி நேரத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். 1953-ல் லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர் இரட்டை அடுக்குப் பஸ்களின் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே பஸ், ஒரே ஊர். நாள் முழுக்க மேலும் கீழும் படியேறிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. நம் வேலை டிரைவர் வேலையாக இருக்கலாம், சாப்பிட்ட பிறகாவது கொஞ்ச நேரம் கண்டக்டராக இருக்கலாமே. மதியம் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்ததும் பத்து நிமிடம் கீழே இறங்கி ஒரு சுற்று. இரவு சாப்பிட்டதும் மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம். வேகமெல்லாம் வேண்டாம், உலாத்தினால் போதும். சாப்பிட்டதிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சர்க்கரை உச்சிக்கு ஏறும், அந்த நேரத்தில் கால் அசைந்தால் உச்சியே தணிந்துவிடும். காலை நடையில் பதினைந்து நிமிடத்தைக் கழித்து இதற்குக் கொடுத்தாலும் எனக்குச் சம்மதம். எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு ஒரே மூச்சில் 45 நிமிடம் நடப்பதைவிட மூன்றாகப் பிரித்து நடப்பது சில சமயம் கூடுதல் பலன் தரும்.

அடுத்து தட்டு. உங்கள் பட்டியலில் காலை நான்கு இட்லி, மதியம் டப்பா நிறைய சாம்பார் சாதமோ புளி சாதமோ, ஓர் ஓரத்தில் உருளைக்கிழங்கு வறுவல். மாலை டீயும் பஜ்ஜியும், இரவு மூன்று தோசை. நான்கு வேளையும் மாவுச்சத்து. இது உங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வான ஐசிஎம்ஆர்-இன்டியாப் சொல்கிறது. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில் தானியத்தின் பங்கு 45 சதவீதத்தோடு நிற்க வேண்டும் என்று இருக்கிறது. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் "சோற்றை விடு" என்று எல்லோரும் கத்துகிறார்கள். விட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். ஒன்றரை மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் மொத்த பாக்கியையும் வசூல் செய்துவிடுவார்கள்.

விட வேண்டாம், அளக்க வேண்டும். வீட்டில் அரிசி அளக்கும் 200 மில்லி டம்ளரைப் பாருங்கள். தலை தட்டி ஒரு டம்ளர் அரிசி ஏறத்தாழ 165 கிராம், சமைத்தால் 570, 580 கலோரி. உங்கள் டிபன் பாக்ஸுக்கு எத்தனை டம்ளர் அரிசி போகிறது என்று வீட்டில் கேளுங்கள். ஒரு டம்ளர் போகிறது என்றால் அரை டம்ளராக்குங்கள். காலியான இடத்தில் வறுவல் வேண்டாம். பீன்ஸ், கோஸ், புடலங்காய், அவரை, கீரை என்று ஏதாவது ஒரு பொரியலோ கூட்டோ இரண்டு கரண்டி கூடப் போகட்டும். சாப்பிடும்போது முதலில் காயை முடியுங்கள், பிறகு சாதத்தில் கை வையுங்கள். அதே சாப்பாடுதான், வரிசையை மாற்றினாலே சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது.

புரதத்தைப் பற்றி நம்மிடம் ஒரு பிரமை உண்டு. சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டால் பருப்புச் சேர்ந்துவிட்டது என்று நினைக்கிறோம். பல வீட்டுச் சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியக் கணக்கு. உங்களுக்கு 55-லிருந்து 65 கிராம் வரை. நீங்கள் எழுதியதைக் கூட்டினால் 45-ஐத் தாண்டுவதே சிரமம், அதிலும் பாதி அரிசியிலிருந்து வருகிறது. ஜிம்மில் சொன்ன பவுடர் டப்பாவுக்கு ஓட வேண்டாம். நான்கு இட்லியை மூன்றாக்கி இரண்டு அவித்த முட்டை வையுங்கள், அதிலேயே 12 கிராம். முட்டை சேராத நாளில் தோசைக்குப் பதில் அடையோ பச்சைப்பயறுத் தோசையோ செய்யலாம். மாலை பஜ்ஜி இருந்த இடத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். ஸ்டேஷன் வாசலில் அவித்த வேர்க்கடலை விற்பார்களே, அதுவும் நல்லதுதான். ஆனால் பொட்டலம் சின்னதாக இருக்கட்டும், கடலையில் கலோரி அதிகம். வாரத்தில் இரண்டு நாள் மீன் வாங்கினால் குழம்பில் போடுங்கள், வறுக்காதீர்கள்.

எண்ணெய்க்கு எடைபோட வேண்டாம், மளிகைச் சீட்டைப் பார்த்தால் போதும். நீங்கள் நான்கு பேர், மாதம் ஐந்து லிட்டர் டின் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆளுக்கு ஒருநாளைக்கு 38 கிராம் ஆகிறது. 2024 வழிகாட்டியில் 2,000 கலோரிச் சாப்பாட்டுக்குச் சொன்னது 27 கிராம். டின்னை மூன்றரை லிட்டரில் நிறுத்தினால் கணக்குச் சரியாகிவிடும். ஒரு கிராம் எண்ணெய் ஒன்பது கலோரி. குறைந்த அந்த 11 கிராம் தினம் நூறு கலோரி. உங்கள் நடையில் முக்கால் பங்கு, வியர்க்காமலே. கடலை எண்ணெயா, நல்லெண்ணெயா, செக்கா, ரீஃபைண்டா என்ற சண்டை பிறகு நடக்கட்டும். எதுவாக இருந்தாலும் அளவு இதுதான்.

நாட்டுச் சர்க்கரைக் காபியும், இரவு தோசைக்குக் கேழ்வரகு மாவும் ஆரம்பித்திருப்பதாகப் பெருமையோடு எழுதியிருக்கிறீர்கள். மனசு வருத்தப்படாதீர்கள். நாட்டுச் சர்க்கரையும் பெரும்பாலும் சர்க்கரைதான், நிறம்தான் வேறு. இரண்டு ஸ்பூன் ஒன்றாகி, ஒன்று அரையாவதுதான் வழி. நாக்கு மூன்று வாரத்தில் பழகிவிடும். கேழ்வரகில் கால்சியம் ஏராளம், நார்ச்சத்தும் அரிசியைவிட அதிகம், அதனால் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் எடைக்கு எடை கலோரி அரிசிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. மூன்று தோசை மூன்று தோசைதான்.

அந்த இரவுத் தோசைக்கு வருவோம். எட்டரைக்கு வீடு, ஒன்பதரைக்குச் சாப்பாடு, பத்தரைக்குப் படுக்கை. நேரத்தை முன்னால் தள்ள ரயில் விடாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே சாப்பாட்டைப் பிரித்துவிடுங்கள். கிளம்புவதற்கு முன் ஆறரைக்கு ஆபீஸிலேயே அந்தச் சுண்டலும் ஒரு கொய்யாவும். பஜ்ஜி நேரம் ஐந்து மணியாயிற்றே என்றால் டீயை மட்டும் ஐந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வரும்போது பசி வெறி இருக்காது. ஒன்றரைத் தோசை, கெட்டியாகக் கொஞ்சம் பருப்போ காய்க் குருமாவோ, அதோடு எழுந்துவிடலாம். பொடிக்கு எண்ணெய்க் குளம் கட்டாதீர்கள், மோர் தெளித்துக் குழைத்துப் பாருங்கள், நன்றாகவே இருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். இந்த மாற்றங்கள் எல்லாம் உங்கள் மனைவியின் தலையில் விடியக் கூடாது. என்னிடம் வரும் ஆண்கள் பலர் டயட் சீட்டை வாங்கி அப்படியே வீட்டில் கொடுத்துவிடுவார்கள். பிள்ளைகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, இவருக்கு ஒன்று என்று அந்த அம்மா மூன்று அடுப்பு எரிப்பார். மூன்றாவது வாரம் சீட்டு பிரிட்ஜ் கதவோடு சரி. ராத்திரி கடலையை ஊறப் போடுவதும், காலையில் நடந்து வந்து காய் நறுக்குவதும், முட்டை அவிப்பதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். வடைக்கடையில் போகும் அரை மணி நேரத்தில் பாதி அதற்குச் சரியாக இருக்கும்.

நடையால் முடியாத ஒரு வேலையும் உண்டு. நாற்பதுக்கு மேல் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தசைதான் சர்க்கரையைப் போட்டு வைக்கும் குதிர். குதிர் சிறுத்தால் சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். அதனால் வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், தசைக்கென்று பயிற்சி வேண்டும். ஜிம்முக்குப் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. நம் தாத்தாக்களுக்கு இதற்குப் பெயரே இருந்தது, தண்டால், பஸ்கி. எடுத்த எடுப்பில் தரையில் தண்டால் வேண்டாம், சுவரில் கை ஊன்றி ஆரம்பியுங்கள். பஸ்கிக்குப் பதில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், பத்துப் பத்தாக மூன்று தடவை. முட்டி ஒத்துழைத்தால் தோப்புக்கரணம். இரண்டு மாதம் கழித்து முதுகில் ஐந்து கிலோ அரிசிப் பையை மாட்டிக்கொண்டு அதையே செய்யலாம். கிண்டி ஸ்டேஷன் படிகளில் ஏறுவதும் இந்தக் கணக்கில் சேரும்.

இதைப் படித்துவிட்டு வேறு யாராவது அப்படியே ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வார்த்தை. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வேகநடை போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். டாக்டரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொண்டு ஆரம்பியுங்கள், பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கும்போது நெஞ்சை இறுக்கினால், இடது கையோ தாடையோ இழுத்தால், வாயு என்று ஓமவாட்டர் குடித்துவிட்டுப் படுக்காதீர்கள், நேரே ஆஸ்பத்திரி. சித்திரை, வைகாசியில் வெயில் ஏறும் முன் வீடு திரும்பிவிடுங்கள்.

தினமும் எடை பார்ப்பதை நிறுத்துங்கள். முதல்நாள் உப்புக் கூடினாலே மறுநாள் முள் நகரும். அதற்குப் பதில் தையற்கடை இஞ்ச் டேப் ஒன்று வாங்கி, மாதம் ஒருமுறை, காலையில், சாப்பிடுவதற்கு முன், மூச்சை இழுக்காமல் வயிற்றைச் சுற்றி அளந்து எழுதி வையுங்கள். நம் ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் கீழே இருக்க வேண்டும், பெண்களுக்கு 80. பெல்ட் ஒரு துளை உள்ளே போனால் எடை இயந்திரம் என்ன சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். ரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால் எச்பிஏ1சி-யை மூன்று மாதம் முடிவதற்குள் மறுபடி எடுத்துப் பயனில்லை, காசுதான் தண்டம். இன்றிலிருந்து மூன்று மாதம் கழித்து, முன்பு எடுத்த அதே லேபில் எடுங்கள். எண்ணையும் இடுப்பளவையும் எழுதுங்கள், மேற்கொண்டு பேசுவோம்.

வடைக்கடை நண்பர்களை விட்டுவிட வேண்டாம். பெஞ்சில் கூடவே உட்காருங்கள், சர்க்கரை குறைத்த காபி ஒன்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு வடை, சட்னியோடு.